கறையைப் படிப்பவர் யார்?

நமது மேடைகளிலும் கவிதைகளிலும் இரத்தம் என்ற சொல் புழங்கும் அளவுக்கு வேறெந்தச் சொல்லும் புழங்குவதில்லை எனலாம். 'இரத்தம் பேசும்', 'இரத்தம் சாட்சி சொல்லும்', 'சிந்திய இரத்தம் வீண்போகாது' என்று முழங்கிக் கைதட்டல் பெறாத பேச்சாளர் நம்மிடையே அரியர். ஆனால் இரத்தம் என்ற பொருளைப் பற்றி நாம் அறிந்துகொள்ள முயன்றது மிகக் குறைவு. அது எவ்வாறு துளியாகிறது, எவ்வாறு விழுகிறது, எவ்வாறு காய்கிறது, விழுந்த இடத்தில் எத்தகைய வடிவத்தை விட்டுச் செல்கிறது என்பவற்றை நாம் கேட்டதில்லை. உருவகமாக அதனை அறிந்த அளவுக்குப் பொருளாக அறியோம். இக்குறை சிறியதன்று. உருவகத்தில் மயங்கியவன் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறான். பொருளை அறிந்தவனே கேள்வி கேட்கிறான்.

புதுக்குடியிருப்பில் பதினோராந் தர மாணவர்களுக்கு நாம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள் இவ்வெண்ணம் நம்முள் எழுந்தது. போர் முடிந்த ஆண்டிலும் அதனை அடுத்தும் பிறந்த பிள்ளைகள் அவர்கள். கைத்தொலைபேசியில் துப்பறியும் தொடர்களைப் பார்க்கும் வழக்கமுள்ள மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், கண்ணகி சிலம்பை உடைச்சுக் காட்டினா. இப்பவெண்டா இரத்தம் தெறிச்சதைப் பாத்தே ஆர் செய்ததெண்டு சொல்லிப்போடுவினம், என்ன சேர்?" என்றான். நாம் விடை சொல்லுமுன் பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி, அமைதியாக, "அப்ப எங்கட ஊரில ஏன் ஒருத்தரும் பாக்கேல்லை?" என்றாள்.

முதல் வினா விஞ்ஞானம் பற்றியது. இரண்டாவது நீதி பற்றியது. இரண்டையும் ஒரே வகுப்பில், ஒரே நிமிடத்தில், இரு பிள்ளைகள் கேட்டுவிட்டனர். பல்கலைக்கழகத்தில் தமிழை மட்டுமே துறைபோகக் கற்ற நமக்கு முதல் வினாவுக்கு விடை தேடப் பல மாதங்கள் ஆயின. தேடியறிந்தவற்றை ஆசிரிய நண்பர்களோடும் மாணவரோடும் பகிர்ந்துகொள்வது பயனுடையதெனக் கருதுகிறோம்.

கொலை நடந்த இடத்தில் ஒரு செந்நிறக் கறை காணப்படுமாயின் அதனை நோக்கி நான்கு வினாக்கள் எழுப்பப்படுகின்றன. இது இரத்தந்தானா? மனித இரத்தமா? எவருடைய இரத்தம்? இங்கே எவ்வாறு வந்தது?

முதல் மூன்றுக்கும் இரசாயனமும் உயிரியலும் விடை தருகின்றன. காசில்-மேயர் சோதனையில் கறையிலிருந்து ஒற்றியெடுத்த துணுக்கு இளஞ்சிவப்பாக மாறினால் அது இரத்தமாயிருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. 'இருக்கலாம்' என்பதற்கு மேல் அச்சோதனை செல்வதில்லை. கழுவித் துடைத்த இடத்தில் லூமினோல் என்னும் திரவத்தைத் தெளித்தால் இருளில் நீல ஒளி தோன்றும். ஆயின் வெளிற்றும் திரவத்துக்கும் செம்பு கலந்த சில பொருள்களுக்கும் அது அவ்வாறே ஒளிவிடும். மனித இரத்தத்தையும் விலங்கின் இரத்தத்தையும் வேறுபிரிக்கும் முறையை 1901 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான பவுல் ஊலன்ஹூத் கண்டார். அதே காலத்தில் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்தார். 1984 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணுவை ஒருவரின் அடையாளமாகக் கொள்ளும் வழியைத் திறந்தார். இவை யாவும் அளந்து சோதித்து, மீண்டும் மீண்டும் செய்து பார்த்து, பிழையின் அளவையும் கணித்துச் சொல்லக்கூடிய முறைகள்.

நான்காவது வினாவே நமது பொருள். எவ்வாறு வந்தது? அடித்ததால் தெறித்ததா, காயத்திலிருந்து சொட்டியதா, கை துடைத்ததால் படிந்ததா, இருமலோடு வெளிப்பட்டதா? இதனை ஆராயும் துறைக்கு இரத்தக் கறை வடிவப் பகுப்பாய்வு என்று பெயர். 1895 ஆம் ஆண்டில் எடுவர்ட் பியோத்ரோவ்ஸ்கி என்ற போலந்து மருத்துவர் வெள்ளைத் தாள் சுவர்களுக்கு நடுவே முயல்களை வைத்துத் தலையில் அடித்து, இரத்தம் தெறித்த வகையை வரைந்து நூலாக வெளியிட்டார். 1939 இல் பிரான்சியரான விக்டர் பல்தசார் கறையின் நீள அகலங்களிலிருந்து துளி வந்த கோணத்தை அறியும் வழியை எடுத்துரைத்தார். 1955 இல் கலிபோர்னியப் பேராசிரியர் பவுல் கேர்க், டொக்டர் ஷெப்பர்ட் என்பவர் தம் மனைவியைக் கொன்றதாகச் சாட்டப்பட்ட வழக்கில், அறையின் கறைகளை ஆராய்ந்து விரிவான சத்தியக் கடதாசி ஒன்றை அளித்தார். அவ்வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு 1966 இல் ஷெப்பர்ட் விடுதலையானபின், இத்துறை உலகெங்கும் அறியப்படலாயிற்று.

இதன் அடிப்படை மிக எளியது. இரத்தம் நீரைவிட நான்கைந்து மடங்கு பிசுக்குமை உடையது. மேற்பரப்பு இழுவிசையால் துளி காற்றில் உருண்டை வடிவிலேயே செல்கிறது. நேர் மேலிருந்து விழுந்தால் தளத்தில் வட்டமாகப் படிகிறது. சாய்ந்து வந்து விழுந்தால் நீள்வட்டமாகி, சென்ற திசையில் வாலொன்றை நீட்டுகிறது. நீள்வட்டத்தின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் வருவது, துளி தளத்தைத் தாக்கிய கோணத்தின் சைன். அகலம் 4 மில்லிமீற்றர், நீளம் 8 மில்லிமீற்றர் எனின் விகிதம் அரை. கோணம் 30 பாகை. க.பொ.த. சாதாரண தர மாணவன் அறிந்த திரிகோண கணிதம் இவ்வளவே. பல கறைகளிலிருந்து அவை வந்த திசையில் பின்னோக்கி நூல்களைக் கட்டினால், அந்நூல்கள் கூடும் இடத்தை ஒட்டி அடி விழுந்திருக்க வேண்டும் என்று கொள்வர்.

நமது பாடசாலையின் கணித ஆசிரியர் துணைபுரிய, இதனை நாம் வகுப்பிலேயே செய்து பார்த்தோம். சிவப்பு மையுடன் சீனிப்பாகைக் கலந்து, பலகையில் ஒட்டிய வெள்ளைத் தாளைப் பல கோணங்களில் சாய்த்து, மருந்துக் குழாயால் துளிகளை விழவிட்டோம். பிள்ளைகள் அளவுகோலோடு குனிந்திருந்த ஆர்வம் நமது இலக்கிய வகுப்பில் நாம் காணாத ஒன்று. தாள் மிகச் சாய்வாக இருந்தபோது கோணம் ஏறத்தாழச் சரியாக வந்தது. நிமிர்ந்து வரவர விடைகள் சிதறின. கணித ஆசிரியர் காரணத்தைக் கரும்பலகையில் விளக்கினார். நீளம் 10 மில்லிமீற்றரான கறையின் அகலத்தை ஒருவர் 2 என்றும் மற்றவர் 2.3 என்றும் அளந்தால் கோணங்கள் பதினொன்றரைக்கும் பதின்மூன்றேகாலுக்கும் அருகே அமையும். வேறுபாடு இரண்டு பாகைக்குள். அதே நீளமுள்ள மற்றொரு கறையின் அகலத்தை ஒருவர் 9.5 என்றும் மற்றவர் 9.8 என்றும் அளந்தால் கோணம் 72 இலிருந்து 78 ஐத் தாண்டிவிடும். அளவுகோலில் நிகழ்ந்த பிழை ஒன்றே. விடையில் நிகழ்ந்த பிழை வேறு.

இன்னுமொன்று உண்டு. துளி நேர்கோட்டில் பறப்பதில்லை. புவியீர்ப்பினால் வளைந்து விழுகிறது. நூலோ நேராகவே கட்டப்படுகிறது. ஆகவே நூல்கள் கூடும் இடம் உண்மையான இடத்தைவிட உயரமாகத் தோன்றும். அடிபட்டவர் நின்றாரா, இருந்தாரா, விழுந்து கிடந்தாரா என்ற வினாவின் விடை சிலவேளை இந்த உயரத்திலேயே தங்கியிருக்கிறது. தற்காப்புக்கும் கொலைக்கும் இடையிலுள்ள வேறுபாடும் அதிலேயே தங்கிவிடலாம்.

சுவரையும் துணியையும் சற்று நினைத்துப் பாருங்கள். வழுவழுப்பான ஓட்டில் ஒழுங்கான விளிம்போடு படியும் துளி, சுண்ணாம்புச் சுவரில் முட்கள் நீட்டிப் படிகிறது. சாரத்தில் நூலிழை வழியே ஊறி வடிவிழக்கிறது. இருமும்போது வாயிலிருந்து வெளிப்படும் இரத்தம், அடியால் தெறித்த இரத்தத்தைப் போலவே சிறு புள்ளிகளாகப் படியும். கறையில் மொய்த்துப் பறக்கும் ஈக்களும் சுவரில் புள்ளிகளை வைத்துச் செல்கின்றன. இவற்றையெல்லாம் பிரித்தறிவது கணிதத்தின் வேலையன்று. அது மனிதனின் கண்ணும் அனுபவமும் செய்யும் வேலை. ஆதலின் மனிதனின் முற்சாய்வும் அங்கே நுழைகிறது. இன்னார்தாம் குற்றவாளி என்று பொலிசார் முன்னமே காதில் ஓதிவிட்டால், கறையும் அவ்வாறே தோன்றத் தொடங்குகிறது.

இது நமது கற்பனையன்று. 2009 ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் வெளிவந்த அறிக்கை, இத்துறையினரின் கருத்துகள் விஞ்ஞானத்தைவிட அகச்சார்பையே பெரிதும் தழுவியவை என்று எச்சரித்தது. 2021 இல் வெளியான ஆய்வொன்றில், தொழில்புரியும் 75 பகுப்பாய்வாளரிடம், உண்மை முன்பே தெரிந்த கறைகளைக் காட்டி விடை கேட்டபோது, நூற்றுக்குப் பதினொன்று அளவில் விடைகள் பிழையாயிருந்தன. பரீட்சைத் தாளில் பதினொரு புள்ளி குறைவது பெரிதன்று. தூக்குமேடைக்கும் ஆயுட்சிறைக்கும் அனுப்பும் சான்றில் அது சிறிதாகுமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிளிஃப்டன் என்ற சிற்றூரில் ஜோ பிரயன் என்னும் பாடசாலை அதிபர் இருந்தார். அவர் மனைவியும் ஆசிரியை. 1985 ஒக்ரோபரில் அவ்வம்மையார் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிபரோ ஏறத்தாழ 120 மைல் தொலைவிலுள்ள ஒஸ்ரின் நகரில் அதிபர்களின் மாநாடொன்றுக்குச் சென்றிருந்தார். அவரது காரின் பின்பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட மின்சூள் ஒன்றின் கண்ணாடியில் நுண்ணிய புள்ளிகள் இருந்தன. கிட்டநின்று சுடும்போது பின்தெறித்த இரத்தமே அது என்று ஒரு பொலிஸ் அலுவலர் நிபுணராக நின்று சாட்சியமளித்தார். அந்த நிபுணர் இத்துறையில் பெற்றிருந்த பயிற்சி 40 மணி நேரம். நம் நாட்டில் தையற் பயிற்சிக்கும் அதைவிட அதிக நேரம் கேட்பர். அதிபர் இருமுறை விசாரிக்கப்பட்டு இருமுறையும் தண்டிக்கப்பட்டார். 2018 இல் அம்மாநிலத் தடயவியல் ஆணைக்குழு அப்பகுப்பாய்வு சரியானதன்று எனக் கண்டது. சாட்சி சொன்னவரும் தம் முடிவுகள் தவறானவை என எழுதிக் கொடுத்தார். எனினும் தீர்ப்பு நீங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாசத்தின்பின், எண்பதை அண்மிய வயதில், 2020 இல் அவர் நிபந்தனையின் பேரில் வெளியே விடப்பட்டார்.

அயல்நாடான இந்தியாவிலும் ஓர் உதாரணமுண்டு. 2008 மே மாதத்தில் தில்லிக்கு அருகிலுள்ள நொய்டாவில் ஒரு வீட்டில் பதின்மூன்று வயதுச் சிறுமி கொல்லப்பட்டுக் கிடந்தாள். அவ்வீட்டின் பணியாளரைக் காணவில்லை. உடனே அவரே கொலையாளி என்று முடிவுகட்டப்பட்டது. மொட்டைமாடிக் கதவில் இரத்தக் கறை இருந்தும் அக்கதவு அன்று திறக்கப்படவில்லை. மறுநாள் திறந்தபோது, கொலையாளி என்று தேடப்பட்ட ஏழையின் உடல் அங்கே கிடந்தது. இடைப்பட்ட நேரத்தில் அயலாரும் செய்தியாளரும் வீடெங்கும் நடமாடிக் கறைகளை மிதித்துக் கலைத்திருந்தனர். பின்னர் ஒரு தலையணை உறையிலிருந்த இரத்தம் பற்றிய ஆய்வுக்கூட அறிக்கையில் எழுத்துப்பிழை நேர்ந்ததென்று விளக்கம் சொல்லப்பட்டது. சிறுமியின் பெற்றோர் 2013 இல் தண்டிக்கப்பட்டு, 2017 இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். கதவில் பட்டிருந்த கறையைப் படிக்க நிபுணர் எவரும் வேண்டியிருக்கவில்லை. அக்கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்கு ஒரு பணியாளனையும் மனிதனென மதித்திருந்தால் போதும்.

இவற்றைப் படித்தபோது நமக்குச் சிலம்பே நினைவுக்கு வந்தது. வழக்குரை காதையைப் பலரும் அறிவர். கொலைக்களக் காதையை ஊன்றிப் படிப்போர் குறைவு. கோவலனைக் கொல்ல வந்த காவலர், இவன் தோற்றம் கள்வனுடையதன்று என்றே முதலில் ஐயுறுகின்றனர். அவர்களது கண் சரியாகவே கண்டது. அப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? களவு நூலை எடுத்து விரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டினைத் துணையாகக் கொண்டு கள்வர் தொழிற்படுவர் என்று சாத்திரம் பேசுகிறான். நிபுணனின் பேச்சில் காவலரின் ஐயம் அடங்குகிறது. கல்வியறிவற்ற ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அங்கு நிபுணனாக நின்றான் என்பதைக் காவலர் அறியார், அரசனும் கேட்டறியவில்லை.

கண்ணகி நிபுணத்துவத்தை எதிர்த்து நிபுணத்துவம் பேசவில்லை. சோதனை ஒன்றைச் செய்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் தன் மனைவியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான். உடைத்தால் எவரும் காணலாம். இரு தரப்பாரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அளவையில், சபையறிய, மறைவின்றி நடந்த சோதனை அது. விஞ்ஞானம் என்று நாம் இன்று பெருமையுடன் அழைப்பதன் இலக்கணம் இதுவன்றி வேறென்ன? சாத்திரச் சொற்களை அடுக்குவது விஞ்ஞானமாகாது. எவரும் சோதித்துப் பார்க்கத் தன்னைத் திறந்து வைப்பதே விஞ்ஞானம். நமதூருக்கு வெகுதொலைவில் இல்லாத வற்றாப்பளையில் கண்ணகை அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் என்று நம்பி மக்கள் திரளுகின்றனர். அந்நம்பிக்கை பற்றிய வாதம் இங்கு வேண்டுவதில்லை. அரச சபையில் சான்று காட்டி வழக்காடிய ஒரு பெண்ணையே இம்மண்ணின் உழவரும் மீனவரும் தெய்வமாக்கினர் என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

இனி, நிபுணர் எவருக்குக் கிட்டுகிறார் என்ற கேள்விக்கு வருவோம். 1951 ஒக்ரோபர் 9 ஆம் நாள் கொழும்பு பம்பலப்பிட்டியில், புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் சதாசிவத்தின் மனைவி கொல்லப்பட்டார். வீட்டு வேலைக்காரன் அரச தரப்புச் சாட்சியாக்கப்பட்டான். கணவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். உடல் குளிர்ந்த வேகத்தையும் வயிற்றிலிருந்த உணவு செரித்த அளவையும் கொண்டு இறந்த நேரத்தைக் கணிப்பதே வழக்கின் உயிர்நாடியாயிற்று. பேராசிரியர் டி சேரமும், எடின்பரோவின் புகழ்மிக்க சேர் சிட்னி சிமித்தும் சாட்சியமளித்தனர். 1953 இல் ஜூரிமார் அவரைக் குற்றமற்றவரெனக் கண்டனர். அத்தீர்ப்போடு நமக்கு வழக்கில்லை. சான்றைச் சான்றால் எதிர்த்த அவ்வாதம் இந்நாட்டு நீதிமன்ற வரலாற்றில் போற்றத்தக்கது. நமது கேள்வி வேறு. சதாசிவத்தின் இடத்தில் அவ்வேலைக்காரன் நின்றிருந்தால் எடின்பரோவிலிருந்து எவர் வந்திருப்பார்? துளி விழும் விதி செல்வனுக்கும் ஏழைக்கும் ஒன்றே. அத்துளியைப் படிக்க வருபவர்தாம் ஒருவராயில்லை.

சில வேளைகளில் கறை நேர்மையாகவே படிக்கப்படுகிறது. அப்போதும் நீதி வருவதில்லை. 2006 சனவரி 2 ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே மாண்டனர் என்று அரச படைகள் தரப்பில் கூறப்பட்டது. குண்டு வெடித்துச் சிதறிய காயத்துக்கும் துப்பாக்கிச் சூட்டின் காயத்துக்கும் உள்ள வேறுபாடு தடயவியலின் அரிச்சுவடி. பிணப் பரிசோதனை, சூட்டுக் காயங்களைக் காட்டியது. பிணவறையில் எடுக்கப்பட்ட நிழற்படங்களும் அதனையே உலகுக்குக் காட்டின. அப்படங்களை எடுத்த 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுகிர்தராஜன், அதே மாதம் 24 ஆம் நாள் காலை, வேலைக்குச் செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சிகள் பலர் நாட்டை விட்டகன்றனர். 2019 யூலை 3 ஆம் நாள், குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் போதிய சான்றில்லை எனத் திருகோணமலை நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அங்கே உடல்கள் பேசின. அவை பேசியதைப் படித்தவர்களும் இருந்தனர். கேட்கவேண்டிய செவிதான் இல்லை.

இப்போது, எங்கள் ஊரில் ஏன் எவரும் பார்க்கவில்லை என்று கேட்ட பிள்ளைக்கு விடை சொல்ல முயலலாம்.

கறை படிக்கும் இவ்விஞ்ஞானம் பூட்டக்கூடிய அறையின் விஞ்ஞானம். அதற்குச் சுவர் வேண்டும், தரை வேண்டும், அறையைப் பூட்டிக் காவல் வைக்கும் நடுநிலையான அதிகாரம் வேண்டும், துளி காயுமுன் அங்கு வந்து சேரும் மருத்துவர் வேண்டும். சுருங்கச் சொன்னால் அதற்குச் சமாதானம் வேண்டும். 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனையில் எறிகணைகள் பலமுறை விழுந்து, நோயாளரும் பணியாளரும் அதனை விட்டு வெளியேறிய நாள்களில் இந்த வீதிகளால் நடந்தவர்களுள் நாமும் ஒருவர். அன்று சிந்திய இரத்தம் ஓட்டிலும் கண்ணாடியிலும் விழவில்லை, மணலில் விழுந்தது. மணல் துளியை உறிஞ்சி வடிவத்தை அழித்துவிடும். கோணமும் நீள அகலமும் அங்கே இல்லை. பின்னர் மழை பெய்தது, புல் முளைத்தது. வந்து பார்க்க விரும்பியவர்க்கு வழி திறந்திருக்கவில்லை. வழி வைத்திருந்தவர்க்குப் பார்க்கும் விருப்பம் இருக்கவில்லை.

ஆனால் மண் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுவதில்லை. 2023 யூன் 29 ஆம் நாள், நமது மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில், குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டிய தொழிலாளரின் கருவிகளில் மனித எச்சங்களும் ஆடைகளும் தட்டுப்பட்டன. நீதிமன்றக் கட்டளையின்படி பேராசிரியர் ராஜ் சோமதேவவும் சட்ட வைத்திய அதிகாரி வாசுதேவாவும் முன்னின்ற அகழ்வு, 2024 யூலையில் நிறைவுற்றபோது 52 எலும்புத் தொகுதிகள் எடுக்கப்பட்டிருந்தன. அவற்றோடு கிடந்த ஆடைகளும் இலக்கத் தகடுகளும் ஒவ்வொன்றாகப் பதியப்பட்டன. 1994 க்கு முன்னதல்லாத, 1996 க்குப் பின்னதல்லாத காலத்தில் அவ்வுடல்கள் புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது இடைக்கால அறிக்கையின் முடிவு. அந்த அகழ்வு நடந்த காலத்திலேயே, 2023 செப்ரெம்பரில், முல்லைத்தீவு நீதிபதி உயிரச்சுறுத்தலையும் அழுத்தத்தையும் காரணங்காட்டிப் பதவி துறந்து நாட்டை விட்டகன்றார். கறையானாலும் எலும்பானாலும், படிப்பவருக்கும் தீர்ப்பவருக்கும் அச்சமின்மை இல்லாத இடத்தில் நுண்காட்டியால் ஆவதென்ன?

அகழ்வு நடந்த குழியின் ஓரத்திலே, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் படங்களை ஏந்தி நின்றதை யாவரும் கண்டோம். அவர்கள் கேட்டது பழிவாங்கலன்று. இது எவருடைய எலும்பு, எந்த ஆண்டு, எவ்வாறு என்பதையே கேட்டனர். விஞ்ஞானி கறையை நோக்கிக் கேட்கும் அதே வினாக்கள் அவை. எழுத்தறிவு குறைந்த அத்தாய்மாரும் ஆய்வுகூடத்து அறிஞரும் ஒரே கேள்வியில் சந்திக்கின்றனர் என்பது நமக்கு நம்பிக்கை தரும் செய்தி. விஞ்ஞானம் மேட்டுக்குடியின் உடைமையன்று என்று நாம் மேடையில் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்குமா?

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, பொலிசாரின் ஏவலுக்கும் அரசின் விருப்பத்துக்கும் அப்பாற்பட்ட தடயவியல் அமைப்பொன்று இந்நாட்டுக்கு வேண்டும். சாட்டுபவருக்கு உழைக்கும் நிபுணர் எதிர்த்தரப்பாருக்கும் அதே செலவில், அதாவது பொதுச் செலவில், கிட்டவேண்டும். இரண்டாவது, சோதனை யாவும் இருதரப்பாரும் அறியத் திறந்ததாக அமையவேண்டும். எத்தனை மாதிரி எடுக்கப்பட்டது, எவர் கையில் எத்தனை நாள் இருந்தது, பிழைக்கு எவ்வளவு இடமுண்டு என்பன மறைக்கப்படலாகாது. மூன்றாவது, பிணப் பரிசோதனை அறிக்கையையும் அகழ்வறிக்கையையும் இறந்தவரின் உறவினர் தம் தாய்மொழியில் பெற்றுப் படிக்கும் உரிமை நடைமுறையில் உறுதிப்படவேண்டும். தன் மகன் இறந்த விதத்தை ஒரு தாய் பிறர் வாயால் மொழிபெயர்த்துக் கேட்கும் நிலை நாகரிக சமுதாயத்துக்கு அழகன்று.

இவை அரசிடம் கேட்கவேண்டியவை. ஆசிரியராகிய நம்மிடம் நாமே கேட்கவேண்டியதும் ஒன்றுண்டு. நிபுணர் சொன்னார் என்றால் தலையசைக்கவும், தொலைக்காட்சி காட்டியதென்றால் நம்பவும் பழகிய தலைமுறையை நாம் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். இலக்கிய ஆசிரியர் கணித ஆசிரியரின் வகுப்புக்குள் செல்வதில்லை. விஞ்ஞான ஆசிரியர் சிலம்பைத் திறப்பதில்லை. சைன் விகிதத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணவன், அவ்விகிதத்தில் நேரும் சிறு பிழை ஒரு மனிதனின் ஆயுளை விழுங்கக்கூடும் என்பதை அறியாமலே பாடசாலையை விட்டுப் போகிறான். அளந்தது எது, ஊகித்தது எது, அளந்தவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக்கிவிட்டால், அவன் எத்துறைக்குச் சென்றாலும் பொற்கொல்லனின் சாத்திரத்துக்கு மயங்கமாட்டான்.

நமது பிள்ளைகளுள் ஒருவர் நாளை சட்ட வைத்திய அதிகாரியாகலாம், ஒருவர் பொலிஸ் அலுவலராகலாம், ஒருவர் நீதிபதியாகலாம். பெரும்பாலோர் உழவராகவும் மீனவராகவும் கூலித் தொழிலாளராகவும் வாழ்வர்; குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டுபவரும் அவர்களுள் இருப்பர். மண்ணுக்குள் ஏதோ தட்டுப்பட்டால், மூடிவிட்டுப் போகாமல், வேலையை நிறுத்தி, பிறரை அழைத்து, அவ்விடத்தைக் காத்து நிற்கவேண்டும் என்று கொக்குத்தொடுவாய்த் தொழிலாளர் அறிந்திருந்தனர். அதை அவர்கள் செய்திராவிடில் அங்கே படிப்பதற்கு எதுவும் எஞ்சியிருக்காது. நீதியின் முதல் வேலையைச் செய்தது அவர்கள் கை. எஞ்சிய வேலையைச் செய்யும் பொறுப்பு எழுதப்படிக்கத் தெரிந்த நம் எல்லோருக்கும் உரியது.